குட்டிக் கப்பலில் எத்தனை பேர்?

மேசைமேல் விளையாடும் விண்கப்பல் போர் என்று சொன்னதும் நண்பர்கள் முதலில் கேட்பது, "பகடையில ஜெயிக்கிற விளையாட்டுதானே?" என்பதுதான். பகடை உண்டு. ஆனால் நானும் என் அத்தை மகனும் ஆறு வருடமாக விளையாடிவரும் 'ஃபுல் திரஸ்ட்' ஆட்டத்தில் பகடையைத் தொடுவதற்கு முன்பே பாதிச் சண்டை முடிந்திருக்கும். அதை முடித்துவைப்பது ஒரு பென்சிலும் ஒரு தாளும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் அடுத்தவருக்குக் காட்டாமல் தத்தம் கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் கட்டளை எழுதவேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புவது, வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா, அவ்வளவுதான். எழுதியபின் அழிக்கக்கூடாது. பிறகு எல்லாக் கப்பல்களும் அவரவர் எழுதியபடியே நகரும். எதிரி இப்போது எங்கே நிற்கிறான் என்பது மேசையைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கே நிற்பான் என்று யோசித்து எழுதுபவன் கையில்தான் ஆட்டம் இருக்கிறது.

இது பிரிட்டனைச் சேர்ந்த ஜான் டஃப்லியின் ஆக்கம். அவருடைய கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. 1998ல் கப்பற்படைகளுக்கென்றே ஒரு நூல் வந்தது, 2000ல் இன்னொன்று. பின்னாளில் அந்நிறுவனமே விதிநூல்களை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த விளையாட்டு கிடைத்தது அந்த ஒரே காரணத்தால்தான். ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பொம்மைகளை வாங்கினால்தான் ஆடலாம் என்ற கட்டாயமும் இதில் இல்லை. முதல் வருடம் முழுக்க எங்கள் போர்க்கப்பல்கள் ஐம்பது சென் காசுகள், நாசக்கப்பல்கள் இருபது சென், வேவுக்கப்பல்கள் பத்து சென். காசின்மேல் ஒட்டுத்தாளில் அம்புக்குறி போட்டு முகம் எந்தப் பக்கம் என்று காட்டினோம். விண்வெளி, பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய மூன்று மீட்டர் கறுப்புத் துணி. பல்துலக்கியில் வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு அதன்மேல் தெறித்துவிட்டால் நட்சத்திரங்கள். உண்மையான உலோகக் கப்பல்கள் எல்லாம் பிறகு, மச்சான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து சம்பளம் பார்த்தபின் வந்தவை.

ஆடுகளம் சுங்கைப்பட்டாணியில் இருக்கும் பாட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசை. சனிக்கிழமை இரவுகளில் அது எங்களுக்கு.

நின்றால் நிற்காத கப்பல்

இந்த ஆட்டத்தின் அழகு அதன் நகர்வு விதியில் இருக்கிறது. கப்பலுக்கு இரண்டு விஷயங்கள் உண்டு: போகும் திசை, போகும் வேகம். திசையைக் கடிகார முகம்போல் பன்னிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். போன சுற்றில் 14 அங்குல வேகத்தில் போன கப்பல், நீங்கள் ஒன்றுமே எழுதாவிட்டாலும் இந்தச் சுற்றிலும் 14 அங்குலம் போயே தீரும். கார்போல பிரேக் அடித்து நிறுத்த முடியாது. கப்பலின் உந்துவிசை எண் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு சுற்றில் மாற்றலாம். அதிலும் பாதியை மட்டுமே திரும்புவதற்குச் செலவிடலாம். உந்துவிசை 4 உள்ள கப்பல் அதிகபட்சம் இரண்டு மணி அளவு திரும்பும். அந்தத் திருப்பத்தின் ஒரு பாதி பயணத்தின் தொடக்கத்திலும் மறுபாதி நடுவிலும் நடக்கும். அதனால் வேகம் கூடக்கூட வளைவு அகலமாகிக்கொண்டே போகும். புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் முதல் ஆட்டத்தில் ஆர்வத்தில் வேகத்தைக் கூட்டி, மூன்றாம் சுற்றில் மேசையின் மறுகோடியில் விழுந்துவிடுவார்கள். மச்சானின் நண்பன் ஒருவனுடைய மொத்தப் படையும் ஒரு குண்டும் வெடிக்காமல் குளிர்பதனப் பெட்டிப் பக்கமாக வெளியேறிப் போனது இன்றும் எங்கள் வீட்டுக் கதை.

இதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அடுத்த சுற்றில் அது போய்ச் சேரக்கூடிய இடங்களின் வட்டம். உந்துவிசை 6 உள்ள சிறு கப்பலுக்கு அந்த வட்டம் பெரியது. அது எங்கே போகும் என்று எதிரி குழம்புவான். உந்துவிசை 2 மட்டுமே உள்ள பெரும் போர்க்கப்பலுக்கு அது உள்ளங்கை அளவுதான். ஒரு மணி திரும்பலாம், மிச்சமிருப்பதில் ஓர் அங்குலம் கூட்டலாம், குறைக்கலாம். அது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பலமான கப்பலின் பலவீனமே அதுதான்.

நான் பெரும்பாலும் எடுப்பது நொய் ஸ்வாபியன் லீக் என்ற கற்பனைக் கூட்டணியின் படை. கனமான கவசம், மெதுவான கப்பல்கள். மச்சானுக்குப் பிடித்தது ஃபெடரல் ஸ்டாட்ஸ் யூரோப்பா. அவர்களுடைய நம்பிக்கை ஏவுகணைகள்மேல். ஒருவன் எருமை, மற்றவன் குளவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை முடியும் இடம்

சுடுவதில் அடிப்படை ஆயுதம் கதிர்ப் பீரங்கி. மூன்றாம் வகைப் பீரங்கி 12 அங்குலத்துக்குள் மூன்று பகடை உருட்டும், 24 வரை இரண்டு, 36 வரை ஒன்று. இரண்டாம் வகை 24 அங்குலத்தோடு ஓய்ந்துவிடும், முதல் வகை 12 அங்குலத்தோடு. 4, 5 விழுந்தால் ஒரு சேதம், 6 விழுந்தால் இரண்டு. ஆகவே நீண்ட கை உள்ளவன் விலகி நின்று அடிக்கப் பார்ப்பான், குட்டைக் கை உள்ளவன் பாய்ந்து நெருங்கப் பார்ப்பான்.

கடலில் நடந்ததும் இதுதான். 1914ல் கோகோஸ் தீவருகே எம்டனைச் சந்தித்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் பீரங்கிகள் 152 மில்லிமீட்டர். எம்டனுடையவை 105. எம்டன் தொடக்கத்தில் நன்றாகவே சுட்டது. சிட்னி தன் வேகத்தைக் கொண்டு தூரத்தைத் தன் வசதிக்கு வைத்துக்கொண்டதும் கதை முடிந்தது. விண்வெளி விளையாட்டு என்று பெயர் வைத்தாலும் இவற்றின் வேர் கடலில்தான் இருக்கிறது. 1898ல் உலகப் போர்க்கப்பல்களின் ஆண்டு நூலைத் தொடங்கிய ஃப்ரெட் ஜேன், கடற்போரை மேசைமேல் ஆடுவதற்கும் விதிகள் வகுத்தவர்.

சேதம் எங்கே முடிவை எட்டுகிறது என்பதில்தான் ஃபுல் திரஸ்டின் புத்திசாலித்தனம். கப்பலின் உயிர் சிறு கட்டங்களாக நான்கு வரிசையில் வரையப்பட்டிருக்கும். அடி வாங்க வாங்கக் கட்டங்களை அடித்துக்கொண்டே வரவேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் கப்பலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பகடை. முதல் வரிசைக்கு 6 விழுந்தால் அந்தக் கருவி போச்சு. இரண்டாம் வரிசைக்கு 5, 6. மூன்றாவதற்கு 4, 5, 6. நான்காவது முடிந்தால் கப்பலே இல்லை. பீரங்கி முழுசாக இருக்கும், குறிபார்க்கும் கருவி போயிருக்கும். இயந்திரம் பாதியாகி, திரும்ப முடியாமல் நேராகப் போய்க்கொண்டிருக்கும். இருதரப்பும் ஒரு கப்பல் நீ, ஒரு கப்பல் நான் என்று மாறி மாறிச் சுடுவதாலும் சேதம் உடனுக்குடன் விழுவதாலும், நான்கு கப்பலுக்கும் சமமாக அடி கொடுப்பவனைவிட ஒரே கப்பலின் வரிசையை முடித்துவைப்பவனே கெட்டிக்காரன். அந்த ஒரு கப்பல் திருப்பிச் சுடும் முறை வருவதற்குள் அது ஊமையாகியிருக்கும்.

பலிகெடா

மச்சானுடைய ஏவுகணைகள் வேறு மாதிரி. கட்டளைகள் எழுதி முடித்தபின், கப்பல்கள் நகர்வதற்கு முன்னால், அவன் ஏவுகணைக் கொத்தை 24 அங்குலத்துக்குள் ஓரிடத்தில் வைக்கவேண்டும். பிறகு கப்பல்கள் நகரும். நகர்ந்து முடிந்ததும் அந்தக் கொத்தைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் எந்தக் கப்பல் இருந்தாலும் அதன்மேல் பாயும். பல கப்பல் இருந்தால் மிக அருகில் இருப்பதன்மேல். ஆறு ஏவுகணையில் எத்தனை குறியைப் பிடித்தன என்று ஒரு பகடை, பிடித்த ஒவ்வொன்றுக்கும் சேதம் எவ்வளவு என்று ஒரு பகடை. தடுக்க ஆளில்லாவிட்டால் சராசரியாகப் பன்னிரண்டு கட்டம் காலி.

என் போர்க்கப்பலின் வட்டம் உள்ளங்கை அளவு என்று சொன்னேன் அல்லவா? அவனுடைய ஆறு அங்குல வட்டத்துக்குள் அது எப்போதும் அடக்கம். ஓட முடியாது, ஒளிய முடியாது. அண்மைத் தற்காப்புப் பீரங்கிகள் சிலவற்றை வீழ்த்தும், எல்லாவற்றையும் அல்ல.

இதற்கு உலகம் முழுக்க இந்த ஆட்டத்தை ஆடுபவர்களிடம் ஒரு பழைய வைத்தியம் உண்டு. 'மிக அருகில் இருப்பதன்மேல் பாயும்' என்ற விதியைப் பிடித்துக்கொள்வது. விலை குறைந்த வேவுக்கப்பல் ஒன்றைப் போர்க்கப்பலுக்கு முன்னால் ஓடவிட்டால் போதும். மொத்தக் கொத்தும் மூன்று நான்கு கட்டம் மட்டுமே உள்ள அந்தக் குட்டிமேல் பாய்ந்து வீணாகும். பெரிய கப்பல் பின்னால் கீறல் இல்லாமல் வரும். குட்டியின் விலை போர்க்கப்பலின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மச்சான் இதற்கு வைத்த பெயர் பலிகெடா. அவன் என்னுடைய படையை எடுத்து ஆடும் வாரங்களில் அவனும் கெடா வெட்டாமல் இருந்ததில்லை. அப்படி ஒரு இரவு என் மூன்று கொத்துகளையும் மூன்று பத்து சென் காசுகளுக்கு வாங்கிவிட்டு மேசையைச் சுற்றி வந்து ஆடினான்.

பாட்டி கூடத்தில் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"இவன் சரியான எம்டன்" என்றார்.

எங்கள் வீட்டில் இந்தச் சொல் சாதாரணம். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர், தந்திரக்காரனுக்குத் தமிழில் பட்டமாகி அப்படியே கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. பினாங்குக்கு எம்டனும் நேரிலேயே வந்திருக்கிறது. அதே வருடம் அக்டோபர் 28 விடிகாலையில், தனக்கு இருந்த மூன்று புகைபோக்கியோடு பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல்போல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. உள்ளே நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்துவிட்டு, வெளியேறும் வழியில் ஒரு பிரெஞ்சு நாசக்கப்பலையும் முடித்தது. ஜெம்சுக் 1905ல் ரஷ்யாவின் பெரும்படையோடு சிங்கப்பூரைக் கடந்து சுஷிமாவுக்குப் போய், அந்தப் பேரழிவிலும் தப்பித்த கப்பல். பினாங்கில், கேப்டன் கரையில் இருந்த நேரத்தில் செத்தது. அதன் மாலுமிகளின் கல்லறை பினாங்கில் இருக்கிறது.

மச்சான் பாட்டிக்கு ஆட்டத்தை விளக்கினான். இது பெருசு, இது குட்டி, குட்டி முன்னால போனா ஏவுகணை எல்லாம் அதுமேல போயிடும், பெருசு தப்பிச்சிடும். பாட்டி குனிந்து பத்து சென் காசைப் பார்த்தார்.

"ஏன்யா, அந்தக் குட்டிக் கப்பல்ல எத்தன பேரு?"

"அது பொம்மை பாட்டி."

"சரி. எத்தன பேரு?"

நட்சத்திரங்கள்

கேள்விக்கு விதிநூலில் பதில் இருந்தது. கப்பலின் கட்டங்களில் சிலவற்றில் சிறு நட்சத்திரம் போட்டிருக்கும். கப்பலின் எடையில் ஒவ்வொரு 20 அலகுக்கும் ஒன்று. அது மாலுமிகளின் கணக்கு. பெரிய போர்க்கப்பலில் ஏழெட்டு நட்சத்திரம் வரும், வேவுக்கப்பலில் ஒன்று. ஆட்டத்தில் அதன் வேலை பழுதுபார்ப்பது. சுற்று முடிவில் மிச்சமிருக்கும் நட்சத்திரங்களைக் குழுவாகப் பிரித்துக் கெட்டுப்போன கருவிகளிடம் அனுப்பலாம். ஒரு குழு போனால் 6 விழவேண்டும், இரண்டு குழு போனால் 5ம் போதும், மூன்று போனால் 4. சேதக் கோடு நட்சத்திரத்தைத் தாண்டினால் அந்தக் குழு இல்லை. நாங்கள் அதை எப்போதும் பழுதுபார்க்கும் திறன் என்றுதான் வாசித்திருந்தோம். பாட்டி கேட்டபின் அதே தாளில் அது ஆளாகத் தெரிந்தது.

"ஒரு ஸ்டார் பாட்டி" என்றான் மச்சான். பாட்டிக்கு அது போதவில்லை. ஒன்றும் சொல்லாமல் சீரியலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பாட்டி அப்படிக் கேட்டதற்குக் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய அப்பாவை, அதாவது எங்கள் கொள்ளுத்தாத்தாவை, 1943ல் கெடா தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனான். ரயில் பாதை போட. பாட்டிக்கு அப்போது ஐந்து வயது. லாரியில் ஏறியது ஞாபகம் இருக்கிறதாம், முகம் ஞாபகம் இல்லையாம். 415 கிலோமீட்டர் பாதை அந்த வருடம் அக்டோபரில் முடிந்தது. கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. எந்த முகாமில், எந்த மாதம் என்று சொல்ல ஒரு காகிதமும் எங்களிடம் கிடையாது. இறந்த தேதி தெரியாததால் வீட்டில் அவருக்குத் தை அமாவாசையில்தான் படைப்பார்கள்.

அவரை அந்த லாரியில் ஏற்றியதற்கும் கப்பற்படைத் தந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரான சம்பந்தம் இருக்கிறது.

1941 டிசம்பர் 8 நள்ளிரவு கழிந்ததும் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்று மாலை சிங்கப்பூரிலிருந்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் கப்பல்கள் நான்கு நாசக்கப்பல்களோடு புறப்பட்டன. தரையிறங்கும் படையைத் தாக்குவது நோக்கம். கூட வந்திருக்கவேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் இண்டோமிடபிள், முந்தைய மாதம் ஜமைக்கா அருகே தரைதட்டிப் பழுதானதால் வரவில்லை. மறுநாள் ஜப்பானிய விமானங்கள் தங்களைக் கண்டுவிட்டன என்று தெரிந்ததும் தளபதி டாம் பிலிப்ஸ் திரும்பினார். திரும்பும் வழியில் குவாந்தானில் எதிரி இறங்குவதாக ஒரு செய்தி வந்தது. அது தவறான செய்தி. அதை நம்பிக் குவாந்தான் பக்கம் போனார். வானொலியில் பேசினால் இடம் தெரிந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. டிசம்பர் 10 அன்று இந்தோசீனாவிலிருந்து பறந்துவந்த விமானங்கள் குண்டாலும் டார்பிடோவாலும் இரண்டையும் மூழ்கடித்தன. சிங்கப்பூரிலிருந்து பாதுகாப்பு விமானங்கள் வந்துசேர்ந்தபோது கடல்மேல் ஆட்கள் மட்டும் மிதந்துகொண்டிருந்தார்கள். 840 பேர் இறந்தார்கள். பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

ஃபுல் திரஸ்ட் ஆடும் யாருக்கும் இதை வாசிக்கும்போது வயிற்றைக் கலக்கும். பழைய செய்தியை வைத்து எழுதிய கட்டளை. மெதுவாகத் திரும்பும் பெரிய கப்பல். தற்காப்புப் பீரங்கிகளுக்குச் சமாளிக்க முடியாத எண்ணிக்கையில் பறந்துவரும் சிறியவை. எங்கள் ஆட்டத்திலும் சிறுவிமானக் குழுக்கள் ஒன்றிரண்டு வந்தால் தாங்கிவிடலாம். எட்டுக் குழு ஒரே சுற்றில் ஒரே கப்பல்மேல் விழுந்தால் எந்தக் கவசமும் நிற்காது. ஆட்டத்தில் அதற்குப்பின் காசுகளைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தே தாரேக் குடிக்கலாம். 1941ல் அந்த இரண்டு கப்பலும் போனபின் கிழக்குக் கரைக் கடல் ஜப்பானியருடையது. டிசம்பர் 11 பினாங்கில் குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் பினாங்கிலிருந்த ஐரோப்பியரை இரவோடு இரவாகப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஊர்க்காரர்களை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் விழுந்தது. பாக்கி எல்லாம் அந்த லாரியில் வந்து முடிகிறது.

யாரோ ஒரு மேசையில் ஒரு வரைபடத்துக்கு முன்னால் பென்சிலோடு உட்கார்ந்து, எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று எழுதியிருக்கிறார்கள். பினாங்கு, கெடா, தோட்டத்து லயங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் முன்னால் ஓடவிட்ட பத்து சென். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு நட்சத்திரம்கூட யாரும் போடவில்லை.

மச்சானின் கணக்கு

அடுத்த சனிக்கிழமை இதைப் பற்றி நாங்கள் ஆடியதைவிட அதிகமாகப் பேசினோம்.

மச்சான் லேசில் விடுகிறவன் இல்லை. "குட்டிய அனுப்பலன்னா பெரிசு சாவுது. அதுல எட்டு ஸ்டார். ஒன்னக் குடுத்து எட்டக் காப்பாத்துறது பாவமா? பாட்டி கேட்டாங்கன்னு எட்டப் பலி குடுப்பியா?" என்றான். "பிலிப்ஸ் போகாம சிங்கப்பூர்லயே கப்பல நிறுத்தி வெச்சிருந்தாலும் நாளைக்கு உன்ன மாதிரி ஒருத்தன் உக்காந்து, ஏன் கோத்தா பாருவுக்கு யாருமே போகலன்னு கட்டுரை எழுதுவான்லா."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்தால் பதில் இல்லை. இன்றுவரை அவனுக்கு நான் முழுப் பதில் சொல்லவில்லை. எனக்குத் தட்டுப்பட்டது வேறு ஒன்று. ஒன்றைக் கொடுத்து எட்டைக் காப்பாற்றும் நிலைமை அந்தச் சுற்றில் தானாக வந்ததில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள், புள்ளிகளை எண்ணிப் படையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை எழுதிவிடுகிறோம். பெரிய பீரங்கிக்குப் புள்ளியைக் கொட்டிவிட்டு, பாதுகாப்புக்கு மிச்சமில்லாமல், கடைசியில் மீந்த சில்லறையில் நான்கு வேவுக்கப்பல் வாங்குகிறோம். அவை எதற்கென்று வாங்கும்போதே தெரியும். சண்டை தொடங்கியபின் வரும் கையறுநிலை, உண்மையில் வெள்ளிக்கிழமை இரவு கால்குலேட்டரில் போட்ட கணக்கு.

விதிநூலில் இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதிகம் பேர் எடுக்காத வழி. சாதாரணமாக ஒரு கப்பலின் அண்மைத் தற்காப்பு அந்தக் கப்பலை மட்டுமே காக்கும். பக்கத்தில் எரிந்துகொண்டிருப்பவனுக்கு உதவாது. ஆனால் பரப்புத் தற்காப்புக்கான குறிபார்க்கும் கருவி ஒன்று உண்டு. அதைப் பொருத்திய துணைக்கப்பல், 6 அங்குலத்துக்குள் இருக்கும் வேறு கப்பல்மேல் வரும் ஏவுகணைகளையும் சுடலாம். முன்னால் ஓடிச் சாகவேண்டியதில்லை, கூடவே வந்தால் போதும். கூட வருவது எளிதும் இல்லை. பெரிய கப்பல் எழுதும் வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப துணைக்கப்பலின் கட்டளையை ஒவ்வொரு சுற்றிலும் பொருத்தி எழுதவேண்டும். ஓர் அங்குலம் பிசகினால் அது வெளியே. அதோடு, விலை அதிகம். அப்படி இரண்டு துணைக்கப்பல் வாங்கினால் என் படையில் ஒரு கனரகக் கப்பல் குறையும். என் அடி அந்த அளவுக்குப் பலவீனமாகும்.

இப்போது நான் அப்படித்தான் ஆடுகிறேன். ஆட்டத்தின் இலக்கையும் சில வாரங்கள் மாற்றிப் பார்க்கிறோம். எதிரியை அழித்தால் புள்ளி என்பதற்குப் பதில், ஆயுதமில்லாத நான்கு சரக்குக் கப்பல்களை மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் புள்ளி. பழைய ஆட்டத்தில் எவ்வளவு வேகமாகப் பாய்வது என்று யோசித்தவன் இதில் எவ்வளவு மெதுவாகப் போகவேண்டும் என்று யோசிக்கிறான். சரக்குக் கப்பலின் உந்துவிசைதான் மொத்தப் படையின் உந்துவிசை. போர்க்கப்பல் அதற்காகக் காத்துக்கொண்டு, எதிரி வரும் திசைக்கும் அதற்கும் நடுவில் தன் கவசத்தை வைக்கவேண்டும். எழுதுவதற்கு இதுவரை நான் ஆடியவற்றிலேயே கடினமான கட்டளைகள் இவைதான். ஒரு சரக்குக் கப்பல் மறுகோடியைத் தாண்டும்போது வரும் சந்தோஷம், எதிரிக் கப்பலின் நான்காம் வரிசையை அடிக்கும்போது வருவதைவிடக் குறைந்தது இல்லை.

கதை இங்கே நல்லபடியாக முடிந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். மச்சான் மாறவில்லை. அவன் முறை வரும்போது கெடா வெட்டத்தான் செய்கிறான், அது அவன் உரிமை. என் துணைக்கப்பல்கள் எப்போதும் தாக்குப்பிடிப்பதும் இல்லை. போன மாதம் இரண்டையும் ஒரே சுற்றில் இழந்தேன். அவற்றில் ஆளுக்கு இரண்டு நட்சத்திரம். பாட்டியின் கணக்கில் பார்த்தால் வேவுக்கப்பலைவிட அதிகம். அதற்குப்பின் போர்க்கப்பலும் போனது. கடைசிப் பத்து ஆட்டத்தில் ஆறு எனக்குத் தோல்வி.

நான் என் பக்க நியாயத்தை மறுபடியும் ஆரம்பித்தேன். அவன் காசுகளையும் கப்பல்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "மொதல்ல ஜெயிச்சிட்டு வா மச்சான், தோத்துட்டுத் தத்துவம் பேசாத" என்றான்.

வரும் சனிக்கிழமைக்குப் படை தேர்ந்தெடுத்துவிட்டேன். துணைக்கப்பல் மூன்று.